கதாநாயகி அப்பாவிடம் பேசிய நாள்

பகல் சங்கு ஊதியதும் மலையிலிருந்து பெண்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். கூடையை வாசலில் இறக்கி, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கை அவிழ்த்து வேலியில் போட்டு, மலைத்தண்ணீர் விழும் பீலியில் கை கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தால், அடுத்த நொடி அவரவர் பிள்ளை அவரவர் மடியில். அதுவரை கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்த பிள்ளைக்காம்பரா சட்டென்று அடங்கிவிடும். பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பச்சைக் கொழுந்தும் தாய்ப்பாலும் கலந்த ஒரு வாசனை அறையெல்லாம் நிற்கும்.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில் நான் ஆயம்மா. வயது முப்பதைத் தொடவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆனாலும் கிழவிகளுக்குக்கூட நான் ஆயம்மாதான். பிள்ளைகளின் வாய் அடைபட்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், சுவரோரப் பலகையில் உட்கார்ந்து, அந்த வாரம் கொழும்புப் பத்திரிகையில் வந்த என் தொடர்கதையை வாசிப்பேன். எழுதுகிறவள் நான் என்பது ஓப்பநாயக்க ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். புனைபெயரெல்லாம் வெளியூராருக்காகத்தான்.

எழுபதுகளின் தொடக்கம். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்ற காலம். என் கதாநாயகி மாலதி மட்டும் வாரம் தவறாமல் பட்டுச்சேலை கட்டினாள்.

அன்று வாசித்த அத்தியாயத்தில் அவள் மெத்தையில் குப்புற விழுந்து தலையணை நனைய அழுதாள். அவள் குடும்பம் இந்தியாவுக்குப் போகிறது. காதலன் இலங்கையிலேயே தங்கிவிடுகிறான்.

“மெத்தைய எங்க போட்டிருக்கா ஆயம்மா? அடுப்புக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?” என்று கேட்டாள் ராக்கு. மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு யாரையும் கேலி செய்யாமல் அவளால் இருக்க முடியாது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாசற்படியில் தெய்வானை நின்றிருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமே ஆகவில்லை. கதை கேட்க மட்டும் வருகிறவள். அவள் சிரிக்கவில்லை.

“ஆயம்மா, மாலதி அவ அப்பாகிட்ட எப்ப பேசுவா?”

“பேசமாட்டா. ரெண்டு வாரத்துல ஆத்துல விழுந்துருவா. நா முடிவு பண்ணிட்டேன்.”

“ஏன்? அவளுக்கு வாய் இல்லியா?”

இந்த முறை யாருமே சிரிக்கவில்லை. ராக்குகூட.

பார்க்காத கடல்

இந்த நினைவுத் தொடரைப் படிக்கிற இளையவர்கள் சிலர், காதல் கதை எழுதுவது எப்படி என்று கேட்கிறார்கள். எப்படி எழுதக்கூடாது என்பதை என்னால் நன்றாகச் சொல்ல முடியும். அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

நான் இரத்தினபுரியில் சித்தி வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அம்மா படுக்கையில் விழுந்ததால் தோட்டத்துக்குத் திரும்பினேன். அம்மா போன பிறகு இந்த வேலையும், வேலையோடு ஒரு காம்பராவும் கிடைத்தன. தனியாக இருக்கிற பெண்ணுக்கு மாலை நேரம் நீளமானது. எழுத ஆரம்பித்தேன்.

முதல் கதை கடற்கரையில் நடந்தது. காதல் என்றால் கடற்கரை வேண்டும் என்று எப்படியோ மனதில் பதிந்திருந்தது. நானோ அதுவரை கடலைக் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த தண்ணீர் எங்கள் மலையிலிருந்து இறங்குகிற ஓடையும், மழைக்காலத்தில் செம்மண்ணாகப் பெருகுகிற ஆறும்தான். ஆகவே ‘அவர்கள் கைகோர்த்து நடக்க, பக்கத்தில் கடல் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. ‘கடல் ஓடாது அம்மா. மற்றபடி கதை நன்று.’

அந்த வரியைத் திருத்திக் கதையை வெளியிட்டார். நல்ல மனிதர். எனக்குத்தான் புத்தி வரவில்லை. கடலைத் திருத்திக்கொண்டேன், மெத்தையையும் பட்டுச்சேலையையும் விட்டுவிட்டேன்.

எழுதுகிற நேரம், சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகள் தூங்குகிற நேரம். முழங்காலில் ஒரு பலகை, கையில் பென்சில், கால் பெருவிரலில் தொட்டில் கயிறு. காலை ஆட்டிக்கொண்டே எழுதவேண்டும். வாக்கியம் நீண்டு யோசனையில் மூழ்கிவிட்டால் கால் நின்றுவிடும், தொட்டில் நின்றுவிடும், பிள்ளை எழும்பிவிடும். என் நடையைப் பாராட்டி ‘சின்னச் சின்ன வாக்கியங்கள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது எனக்குப் பிள்ளைகள் போட்ட சட்டம்.

எழுதுவதற்கு முன் யாரிடமாவது வாயால் சொல்லிப் பார்ப்பேன். இன்றைக்கும் அப்படித்தான். கேட்கிறவரின் கண் உங்கள் முகத்தில் இருக்கிறவரை கதை உயிரோடு இருக்கிறது. அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் எழுந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தெய்வானை எழுந்து போகவில்லை. அதைவிடக் கஷ்டமான காரியத்தைச் செய்தாள். நான் தாண்டிப்போன இடத்தில் நின்றுகொண்டாள்.

ஒரே பாஸ்போட்டில் இரண்டு பேர்

தெய்வானை, சுப்பையா அண்ணனின் ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை. சுப்பையா அண்ணன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியைக் கீழே வைத்த நேரமெல்லாம் மகளுக்குத் தலைவாரிப் பின்னி, சோறாக்கி, சட்டை துவைத்து வளர்த்தவர்.

எந்த நாட்டுப் பிரஜையாவது, இந்தியாவா, இலங்கையா என்று தோட்டத்துத் தமிழர் எல்லோரும் மனு எழுதிக் கொடுத்த காலத்தில், பக்கத்துக் காம்பராக்காரர்கள் இந்தியாவுக்கு எழுதினார்கள் என்று அவரும் எழுதிவிட்டார். தெய்வானை அப்போது சிறுமி. பல வருடம் ஒரு பேச்சும் இல்லை. எல்லோரும் மறந்திருந்தபோது பாஸ்போட்டு வந்து சேர்ந்தது. அப்பன் பெயர், அதற்குக் கீழே மகள் பெயர்.

அதற்குள் மகாலிங்கம் வந்திருந்தான். கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை. பகலெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்றதாலோ என்னவோ, அவன் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவது பெரிய பாடு. அவன் குடும்பம் இலங்கைக்கு எழுதி, இலங்கைப் பிரஜையாகிவிட்டது. தெய்வானை கொழுந்து நிறுக்கப் போகும்போது அவன் ஸ்டோர் வாசலில் நிற்பான். அவ்வளவுதான் அவர்கள் காதல். ஆனால் லயத்து வீட்டு வரிசையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் அப்பாவைத் தவிர.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் மாலதியின் கதையை எழுதினேன். அதில் பட்டுச்சேலை என்னுடையது, பாஸ்போட்டு தெய்வானையுடையது.

அவள் கேட்ட அன்று மாலையே என் காம்பராவுக்கு வந்தாள்.

“ஆயம்மா, மாலதி என்னா பேசணும்னு எழுதித் தாங்க. நா மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”

எனக்கு உள்ளூரப் பெருமை. உட்கார்ந்து எழுதினேன். பக்கம் பக்கமாக வந்தது. ‘தந்தையே! இதயத்தை இரு கூறாக்கி ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் வைத்து வாழ இயலுமா?’ என்று தொடங்கியது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளும் என் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வரியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஆயம்மா, நா இப்பிடிப் பேசினேன்னு வைங்க, எங்கப்பா எனக்குப் பேய் புடிச்சிருச்சின்னு கோயில் பூசாரிய கூட்டிட்டு வந்துருவாரு.”

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் அவள் நிஜமாகவே அழுதாள். எனக்கு எழுதத் தெரிந்த எந்த வாக்கியமும் அவளுக்கு உதவவில்லை.

எழுத வருகிற பிள்ளைகளே, உங்கள் கதாபாத்திரத்தின் பேச்சை, அவரைப் போன்ற ஒருவரை நிற்கவைத்துச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். அவருக்குச் சிரிப்பு வந்தால் கிழித்துப் போடுங்கள். நான் கிழித்துப் போட்டேன்.

தகரக் கூரையும் மழையும்

சில நாளில் விஷயம் சுப்பையா அண்ணன் காதுக்குப் போய்விட்டது. மகள் கெட்டதற்குக் காரணம் ஆயம்மாவின் கதை என்று யாரோ சேர்த்தும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு மத்தியானம். இரத்தினபுரிப் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தூறிவிட்டுப் பெய்வதில்லை. திடுதிப்பென்று மலையே மறைந்துவிட்டது. பிள்ளைகள் அப்போதுதான் தூங்கியிருந்தார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுப்பையா அண்ணன் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார்.

“ஆயம்மா, ஒங்களுக்குக் கேக்க ஆளில்ல. என்னா வேணும்னாலும் எழுதுவீங்க. எம்புள்ளைக்கு எதுக்கு அத வாசிச்சுக் காட்டுறீங்க? புள்ள பாக்க வச்ச ஆளு கத படிக்கிறாங்கன்னு நா தொரைகிட்ட சொல்லத்தான் போறேன்.”

அவர் சொன்னால் வேலை போய்விடும். வேலை போனால் காம்பராவும் போய்விடும். பதில் சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. அத்தனை பக்கம் வசனம் எழுதியவள் நான்.

மழைக்குக் கொழுந்தெடுப்பை நிறுத்திவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் தெய்வானை. அப்பாவைக் கண்டதும் நின்றாள். பின் நேரே வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள். தகரக் கூரையில் மழை கொட்டிய கொட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

“என்னா?” என்றார் அவர்.

மறுபடி சொன்னாள். அவர் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் குனிந்தார்.

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். “நா இந்தியாவுக்கு வரலப்பா! மகாலிங்கத்த கட்டிக்கிறேன்!”

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக எழும்பிவிட்டார்கள். ஒரே அழுகை. ராக்குவும் வந்த பெண்களும் ஆளுக்கு ஒன்றைத் தூக்கினார்கள், நான் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகத் தூக்கினேன், தெய்வானை ஓடிப்போய் ஒன்றைத் தூக்கினாள். அப்படியும் கை போதவில்லை. தாய் இன்னும் வந்து சேராத பிள்ளை ஒன்று கடைசித் தொட்டிலில் வீறிட்டுக்கொண்டே இருந்தது. சுப்பையா அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். தலையிலிருந்த சாக்கை எறிந்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்தார். பழகிய கை. பிள்ளை அடங்கிவிட்டது.

தோளில் பிள்ளையோடு சண்டை போட முடியாது. அவர் குரல் தணிந்துவிட்டது.

“ஒங்கம்மா போனப்ப நீ இம்புட்டுத்தான் இருந்த” என்றார், அந்தப் பிள்ளையின் முதுகைக் காட்டி. “அந்தப் பையன் நல்லவனா கெட்டவனான்னு நா கேக்கல. நா அங்க போயிட்ட பொறகு ஒனக்கு ஒண்ணுன்னா எப்பிடி வருவேன்? கடல நீந்தியா வருவேன்?”

தெய்வானை கையிலிருந்த பிள்ளையோடு போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

என் கதையில் மாலதியின் அப்பா மீசையை முறுக்குவார், உறுமுவார், கதவைப் பூட்டுவார். ஏன் என்று நான் ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை. காதலுக்குத் தடையாக ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். இதோ என் கண் முன்னால் ஒரு தடை, பிள்ளையைத் தட்டிக்கொண்டு நின்றது.

போகும்போது அவர் தொரையைப் பற்றிப் பேசவில்லை. “ஞாயித்துக்கெழம அந்தப் பயல வரச் சொல்லுங்க ஆயம்மா. அவன் வாயால சொல்லட்டும். நீங்களும் வாங்க” என்றார்.

மகாலிங்கம் பேசினான்

அவன் வாயால் சொல்லவேண்டும் என்றதும் எங்களுக்குக் கதி கலங்கியது. “அவன் வாய் தொறக்கிறதுக்குள்ள கப்பல் போயிரும்” என்றாள் ராக்கு.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். தெய்வானை தேத்தண்ணி கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். சுப்பையா அண்ணன் ஸ்டோர் வேலையைப் பற்றிக் கேட்டார்; தலையாட்டினான். தாய் தகப்பன் சம்மதமா என்றார், தலையாட்டினான். எம்மகளை நல்லா வச்சிக்குவியா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டிவிட்டுத் தரையைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறடா என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்து நிமிர்ந்தான்.

“மாமா, நீங்க போய்த்தான் ஆகணுமா?”

அவ்வளவுதான் கேட்டான்.

பாஸ்போட்டு வந்த நாளிலிருந்து ஊரே அவரிடம் எப்போது பயணம், எந்தக் கப்பல், அங்கே எந்த ஊர் என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தது. நானும் விசாரித்திருக்கிறேன். போகத்தான் வேண்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

சுப்பையா அண்ணன் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பீலியடியில் அவரே கழுவுகிற சத்தம் கேட்டது. இரண்டு கோப்பையைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

திரும்பி வந்து, “சாப்புட்டுட்டுப் போ” என்றார் மகாலிங்கத்திடம்.

அதன் பிறகு

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. தெய்வானையை இங்கேயே இருத்திக்கொள்ள மகாலிங்கம் எத்தனையோ மனுக்களுக்குப் பின்னால் அலைந்தான். இரத்தினபுரிக்கு பஸ் ஏறி இறங்கியே செருப்புத் தேய்ந்தது. கடைசியில் சரிவந்தது.

சுப்பையா அண்ணன் இதோ போகிறேன், அதோ போகிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டே இருந்தார். தோட்டத்து வேலைப் பதிவில் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். அவர் அசரவில்லை. மருமகன் காம்பராவில் இருந்துகொண்டு, கீழே நாடு என்று நாங்கள் சொல்லும் கிராமத்துக்குப் போய், ஒரு சிங்களக் குடும்பத்தின் மிளகுத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்னாளில் இந்த மலைகளில் தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்த நாட்களைப் பற்றி இத்தொடரில் முன்பே எழுதிவிட்டேன். அப்போது அவர்களை வீட்டுக்குள் வைத்துக் காத்தது அந்தக் குடும்பம்தான். அவர் கப்பல் ஏறவேயில்லை. தெய்வானையின் பிள்ளைகள் என் தொட்டில்களில்தான் தூங்கினார்கள்.

மாலதியும் ஆற்றில் விழவில்லை. ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. வாசகர்கள் அழத் தயாராக இருக்கிறார்கள், கெடுத்துவிடாதீர்கள் என்று எழுதினார். அவள் சாகமாட்டாள், அவளுக்கு இன்னும் பேசவேண்டியது இருக்கிறது என்று பதில் போட்டேன். அவளுடைய மெத்தையைச் சுருட்டிவிட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டி மலைக்கு அனுப்பினேன். கொடகவெலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண், பஸ் மாறி மாறி வந்து, மாலதி எந்த லயத்தில் இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டாள். எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதை முதலில் வைக்கிறேன்.

நீங்கள் எழுதும்போது ஓர் இடத்துக்கு வந்ததும் பேனா தானாக அடுத்த காட்சிக்குத் தாவும். அழுகை, மழை, மரணம் என்று ஏதாவது ஒன்றைப் போட்டுத் தாண்டிவிடத் தோன்றும். அங்கே நில்லுங்கள். கதை அங்கேதான் இருக்கிறது. எனக்கு அது தெரிவதற்கு ஒரு பெண் கத்தவேண்டியிருந்தது.

மாலதி அப்பாவிடம் பேசிய அத்தியாயம் அச்சில் வந்த வாரம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

வழக்கம்போலப் பகல் சங்கு ஊதி, எல்லோரும் உட்கார்ந்து, நான் வாசிக்கத் தொடங்கினேன். தெய்வானை கழுத்தில் புதுத் தாலியோடு முன்னால் இருந்தாள். வெளியே சுப்பையா அண்ணன் பிள்ளைக்காம்பராவின் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரை யாரும் சரிசெய்யச் சொல்லவில்லை. கையில் பிடித்த கம்பை அவர் கடைசிவரை நடவும் இல்லை.

மாலதி பேசினாள். அவள் அப்பா பேசினார். ராக்கு மூக்கைச் சிந்தினாள். வாசித்து முடித்துவிட்டு வெளியே பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வந்திருந்தார்.

“நல்லா இருக்கு ஆயம்மா. ஒண்ண மட்டும் விட்டுட்டீங்க.”

“என்னாங்கண்ணே?”

“அந்த அப்பன் அழுதான்னு எழுதலியே.”

“அவரு அழலியே அண்ணே. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்?”

அவர் கம்பைத் தரையில் ஊன்றி, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நீங்க எல்லாம் போன பொறகு.”

தெய்வானை எழுந்து வெளியே போனாள். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

கதை புத்தகமாக வந்தபோது அத்தியாயத்தின் முடிவில் ஒரு வரி சேர்த்தேன். ‘எல்லோரும் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் அழுதார்.’